பதினோராம் பக்கம்

எட்டுச்செலவுக்கு
அண்ணாவுக்குப் பிடித்ததெல்லாம் படைக்கவேண்டுமென்று
அம்மா முருங்கைக்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.
குசினி வாசலில் நின்று மரியநேசன் சொன்னார்:
"அவர் முருங்கைக்காயை விட்டுப் பத்து வருசம், அம்மா.
பல்லுக்குள்ளை சிக்குமாம்.
கணவாய் எண்டால் சாப்பிடுவார். தூள் குறைச்சு.
அல்சர்."
அம்மாவின் கை நின்றது.
அவளுக்கு அல்சர் தெரியாது.

பாசையூரிலிருந்து கணவாய் வந்தது,
கால்போத்தல் சாராயமும்.
படைத்துவிட்டுக் கதவைச் சாத்தியபோது
வெளியே நின்ற எங்களுக்குள்
அவர் மட்டும்
உள்ளே போக ஒரு அடி வைத்து
நின்றார்.

கூட்டாளி.
பதினொரு வருசம் அந்தச் சொல்லில்தான்
அவரை இருத்தியிருந்தோம்,
கதிரை காணாத வீட்டில் ஸ்டூலில் இருத்துவதுபோல.
திருநெல்வேலியில் மேல்மாடி, ஒரு அறை, ஒரு ஸ்கூட்டி.
கேட்டவர்களுக்கு "வாடகை மிச்சம்" என்றோம்.
வாடகையைப் பற்றி
எங்கள் குடும்பம் அவ்வளவு கதைத்தது
வேறெப்போதும் இல்லை.

கொக்குவிலில் அச்சகம்.
கல்வெட்டுக்குப் பாட்டுக் கட்டுகிறவர் செல்லக்கண்டர்,
தேர்தல் வந்தால் துண்டுப்பிரசுரம்,
மற்றக் காலம் மரணம்.
புரூவ் தந்தார். தாய் புலம்பல். சகோதரர் புலம்பல்
(பெரியண்ணாவுக்கு இரண்டு பாட்டு,
காசு ஸ்காபுரோவிலிருந்து வந்தது).
பதினோராம் பக்கத்தில்
மனைவி புலம்பல்.

ஆரோ சண்டிலிப்பாய் ஓவசியரின் பழைய ஃபைலாம்,
அழிபடாமல் கிடந்ததாம்.
"அண்ணர் கலியாணம் கட்டேல்லைத்தானே,
வெட்டிவிடுங்கோ, பிள்ளை."

*தாலி ஒன்றே துணையென விட்டுத்
தனியே நெடுவழி போயினீர் ஐயா*

சிவப்புப் பேனையால் தாலியை வெட்டினேன்.
மேலே "திறப்பு" என்று எழுதினேன்.
அறைத் திறப்பு.
செத்தவீட்டன்று தொடக்கம்
அவரின் சேட்டுப் பைக்குள் கிலுங்குவது,
இரண்டு பேருடையதும் ஒரே வளையத்தில்.

செல்லக்கண்டர் பேப்பரைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார். திரும்பப் பேப்பரை.
வெளியே காரைநகர் பஸ் கோண் அடித்துக்கொண்டு போனது.
"தாலி தேமா. திறப்பு புளிமா. உதைக்கும்."
கொஞ்சம் பொறுத்து,
"சாவி எண்டு போடுங்கோ. அதுவும் தேமா.
ஆனால் மோனை போயிடும்."

"அது போய் இருவத்திமூண்டு நாள்" என்றேன்.
சிரிப்பு வந்தது. நிற்பாட்ட ஏலவில்லை.
அவர் எழும்பிப் போய்
ஃபானைக் கூட்டிவிட்டு வந்தார்.

தலைப்புத்தான் கரைச்சல்.
மனைவியை வெட்டியாயிற்று.
நண்பன் என்று எழுதி அதையும் வெட்டினேன்.
ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட, பெறாத, வளர்த்த,
இத்தனை முறை வைத்திருக்கிற தமிழில்
அரை மணித்தியாலம் தேடினேன்.
பிறகு பெயரை மட்டும் போட்டேன்:
மரியநேசன் புலம்பல்.

முப்பத்தோராம் நாள். முன்னூறு பிரதி.
காலையில் கீரிமலையில்
நனைந்த காற்சட்டையோடு
அவர் தன்னையறியாமல் சிலுவை போட்டதை
ஐயர் கண்டும் காணாமல் விட்டார்.
மத்தியானம் பெரியண்ணா வட்ஸ்அப்பில் வந்து
"பதினோராம் பக்கத்திலை என்ன அச்சுப்பிழை?" என்றார்.
நெட் வெட்டுப்படுது என்றேன்.
வெட்டுப்படவில்லை.

சனம் வடிந்தபிறகு
அம்மா கண்ணாடியைப் போட்டாள்.
விரல் வைத்து, எழுத்தெழுத்தாய்.
"எந்தச் சாவி?"
அவர் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.
அம்மா தொடவில்லை.
நிறைய நேரம் பார்த்தாள்.

"அங்கை அவன்ரை போர்வை கிடக்கோ?"
"கிடக்கு, அம்மா."
"தோய்ச்சுப் போடாதை, மோனை."